பெஞ்சின் மூன்றாவது ஆள்

மூன்று பேர் உட்காரக்கூடிய பூங்கா பெஞ்சில் முதலில் வருபவர் நடுவில் உட்காருவதில்லை. ஓரமாக உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். இரண்டாவது ஆள் மறு ஓரம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்து, "இங்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்பார். பை மடிக்கு ஏறும், செய்தித்தாள் மடியும். வெயிலைப் பற்றியோ மெட்ரோ வேலையைப் பற்றியோ முதல் வார்த்தை விழும். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு இதைப் பார்ப்பதற்கென்றே நான் போகிறேன்.

பூங்காவுக்குப் பெயராகி நிற்பவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர், 1908-ல் ஆந்திர பத்திரிகாவை ஆரம்பித்தவர். 1937-ல் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது லஸ்ஸில் இருந்த அவருடைய ஸ்ரீபாக் இல்லத்தில்தான். ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயம் இருந்த இரு தரப்பாரை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்த மனிதரின் பெயர், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

காலை நேரம் நடப்பவர்களுக்கானது. சர்க்கரை அளவு, டல்லாஸ் மகன், பிளாட்டின் தண்ணீர்ப் பிரச்சினை என்று பேச்சு ஒவ்வொரு சுற்றிலும் விட்ட இடத்தில் தொடரும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வார்கள். அப்போது பாடும் குழந்தையை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பாருங்கள். புடவைத் தலைப்புக்குள் அவர் கை தாளம் போடும். பேத்தி தடுமாறும் இடம் அவருக்கு முன்பே தெரியும். அந்த இடம் வருவதற்குள் விரல்கள் இறுகிவிடும். அதைக் கடந்துவிட்டால் கை அப்படியே மடியில் விரியும்.

ஆனால் பூங்கா யாருக்கு அதிகம் தேவை என்பது காலையில் தெரியாது. பகல் பதினொன்றுக்கு மேல் உட்கார இடம் தேடுகிறவர்கள் வேறு மனிதர்கள். முதலாளியை இறக்கிவிட்டு, அவர் கூப்பிடும்வரை காத்திருக்கும் ஆக்டிங் டிரைவர்கள். சாப்பாட்டுப் பையை முதுகிலிருந்து இறக்கிவைத்து அடுத்த ஆர்டருக்காக போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள். பிளாஸ்டிக் ஃபைலுக்குள் சான்றிதழ்களோடு, இரண்டு மணி இன்டர்வியூவுக்குப் பத்து மணிக்கே வந்துவிட்ட வெளியூர்ப் பெண். அவர்களுக்கு இந்த நகரத்தில் காசு கொடுக்காமல் உட்கார வேறு இடம் கிடையாது. ஓட்டலில் காபி முடிந்ததும் பில் வரும். கடை வாசலில் நின்றால் நகரச் சொல்வார்கள்.

ஒருமுறை சக்கர நாற்காலியில் ஒரு பெரியம்மாவும், அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இருபது வயதுப் பெண்ணும் என் பெஞ்சருகே வந்து நின்றார்கள். அந்தப் பெண் வீடியோ காலில் தன் அம்மாவுக்கு மரங்களைக் காட்டினாள். பிறகு போனை அப்படியே பெரியம்மா பக்கம் திருப்பினாள். "உங்க பொண்ணு சரியாவே சாப்பிடறதில்லை, நீங்க சொல்லுங்கோ" என்று பெரியம்மா புகார் வாசித்தார். அந்தப் பக்கம் இருந்த தாய், "நீங்களே திட்டுங்கம்மா" என்றார். வீட்டுக்குள் இருந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அங்கே ஒருவர் சம்பளம் கொடுக்கிறவர், இன்னொருவர் வாங்குகிறவர்.

வில்லியம் ஒயிட் என்ற அமெரிக்கர் நியூயார்க்கின் சிறு பொதுவெளிகளைப் படம்பிடித்து, மணிக்கணக்கில் கவனித்து, 1980-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் உட்காருகிறார்கள், மனிதர்கள் இருக்கும் இடத்துக்கே மற்ற மனிதர்களும் வருகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. கேட்க எளிமையான சங்கதி. ஆனாலும் நம் ஊரில் பூங்கா என்றால் முதலில் செயற்கை நீரூற்று, பிறகு செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, கடைசியில்தான் பெஞ்சு. அதுவும் பல இடங்களில் நிழல் விழாத பக்கம்.

இப்படி வேடிக்கை பார்ப்பதும் எல்லோருக்கும் ஒன்றுபோல வாய்ப்பதில்லை. தலை நரைத்த பிறகுதான் எனக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தது. இருபத்தைந்து வயதில் நான் தனியாக பெஞ்சில் உட்கார்ந்தால், பார்க்கப்படுபவள் நானாகத்தான் இருந்தேன். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்ற கேள்வி எதிரே வருபவர் கண்ணிலேயே இருக்கும். இன்றைக்கும் இளம்பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். பாட்டு ஓடுகிறதோ இல்லையோ, அது ஒரு தாழ்ப்பாள். காதலர்களுக்கோ அதுகூடக் கிடையாது. ஒரே அறையில் ஐந்து பேர் தூங்கும் வீட்டிலிருந்து வரும் இரண்டு பேர் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகட்டுமே. அவர்களைத் துரத்துவதைப் பண்பாட்டுக் காவல் என்று நினைப்பவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

காலையில் திறந்து, முற்பகலில் பூட்டி, மாலையில் மறுபடி திறப்பதுதான் சென்னைப் பூங்காக்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. நடைப்பயிற்சிக்காரர்களை மட்டும் மனத்தில் வைத்துப் போட்ட நேரம் அது. நிழல் மிகவும் அவசியமாக இருக்கும் பொழுதில் கதவு சாத்தியிருந்தால், மரங்களை யாருக்காக வளர்க்கிறோம்? பகல் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் வர வேண்டும், பெண்கள் தயங்காமல் போகிற மாதிரி கழிப்பறை வேண்டும்.

நகரின் வேறொரு பூங்காவில் மதியம் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தூங்கும் ஒருவரைத் தட்டி எழுப்பிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எழுப்பப்பட்டவர் நைட் டூட்டி முடித்து வந்த இன்னொரு செக்யூரிட்டி. "படுத்தா எழுப்பணும்னு உத்தரவும்மா. உக்காந்துகிட்டே தூங்கினா நான் எழுப்ப மாட்டேன். அவருகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றார்.