இசை விழாவும் ஓவியக் கூடமும்

பெங்களூர் விழாக்கள் நிறைந்த நகரம். இராமநவமி வந்துவிட்டால் சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் பந்தல் எழும்பிவிடும். ஸ்ரீராம சேவா மண்டலி 1939 ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த இசை விழாவிற்கு நம்மவர் குடும்பத்தோடு சென்று வருவது நெடுநாள் வழக்கம். அண்மைக் காலத்தில் வேறொரு வகை விழாவும் இந்நகரில் வேரூன்றி வருகின்றது. 2023 டிசம்பர் 1 முதல் 11 வரையிலும், மறு ஆண்டு நவம்பர் 30 முதல் டிசம்பர் 15 வரையிலும் நடைபெற்ற ‘பி.எல்.ஆர். ஹப்பா’ அத்தகையது. ‘ஹப்பா’ என்பது திருவிழாவைக் குறிக்கும் கன்னடச் சொல். இசை, நடனம், நாடகம், இலக்கியம் என்பவற்றோடு ஓவியம் முதலிய காண்கலைகளுக்கும் அவ்விழாவில் இடம் தரப்பெற்றது. நகரின் பல பகுதிகளில் நிகழ்ச்சிகள் நடந்தன. அவற்றுள் பல கட்டணம் இன்றியே நடந்தன.

இத்தகைய விழாக்களில் ஒன்றை நாம் கூர்ந்து நோக்கியதுண்டு. பாட்டுக் கச்சேரி நடக்கும் இடத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல தென்படும். அதே விழாவின் ஓவியக் கூடத்திலோ நம்மவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாயில் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, “நமக்கு இது விளங்காது” என்று சொல்லித் திரும்புவோர் பலர். “உள்ளே போகலாமா? யாரேனும் ஏதேனும் கேட்பார்களோ?” என்று தயங்குவோர் அவரினும் பலர். இத்திங்கள் அந்தத் தயக்கத்தைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

விழாவிற்குச் சென்ற இடத்தில் ஓவியம் பார்ப்பது மேனாட்டிலிருந்து வந்த புது வழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். தமிழர் வரலாறு வேறு விதமாகச் சொல்கின்றது. சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடல் இசையோடு பாடப்பெற்ற நூல். பாட்டுக்குரிய பண்ணும் அதற்கு இசை வகுத்தவர் பெயரும் அந்நூலில் குறிக்கப்பெற்றுள்ளன. அதன் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் என்னும் புலவர், மதுரை மக்கள் திரளாகத் திருப்பரங்குன்றம் செல்லும் காட்சியை விரிக்கின்றார். அங்கே ஓர் ஓவிய மண்டபம் இருக்கின்றது. கதிரவனையும் கோள்களையும் தீட்டிய படத்தைச் சிலர் நின்று பார்க்கின்றனர். காமனும் இரதியும் தீட்டப்பெற்ற இடத்தில், இவர் யார் என்று சிலர் வினவுகின்றனர். உடன் வந்தோர் விடை கூறுகின்றனர். பூனை வடிவு கொண்ட இந்திரன், அகலிகை, சினந்து வந்த கவுதமன் ஆகியோரைச் சுட்டிக் காட்டிக் கதை சொல்வோரும் உள்ளனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மக்கள் யாவரும் ஓவியம் கற்றவர் அல்லர். வழிபாட்டிற்கு வந்த ஊர் மக்கள். தெரியாததைத் தெரியாது என்று கேட்டனர்; தெரிந்தவர் சொன்னார். அவ்வளவே. ஓவியக் கூடத்தில் நுழைய அன்று அவர்களுக்கு வேறு தகுதி வேண்டியிருக்கவில்லை. இன்று நமக்கும் வேண்டியதில்லை.

இசை ஒரு கலை, ஓவியம் தொடர்பற்ற மற்றொரு கலை என்று பிரித்துப் பார்ப்பதும் பொருந்தாது. இரண்டும் ஒருவரிடமே குடிகொண்டிருந்ததற்குச் சான்றுகள் பல. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்று ஒரு பட்டப்பெயர். ‘சங்கீர்ணஜாதி’ என்று இசையொடு சார்ந்த மற்றொரு பட்டப்பெயர். நம் காலத்திற்கு வருவோம். தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளின் படத்தைச் சபாக்களிலும் பாட்டு ஆசிரியர் வீடுகளிலும் காணாதவர் இல்லை. பெரிதும் பரவிய அவ்வுருவங்களைத் தீட்டியவர் எஸ். ராஜம். 1919 இல் பிறந்து 2010 இல் மறைந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், கருநாடக இசையில் அரிய இராகங்களைப் பாடிய வித்துவானும் அவரே, வீணை எஸ். பாலச்சந்தருக்குத் தமையனார். ஆகவே, “நாங்கள் கச்சேரிக்கு மட்டுமே போவோம், ஓவியம் அறியோம்” என்று சொல்வோரும் ஓர் ஓவியரின் கைவண்ணத்தை நாள்தோறும் கண்டு வணங்கி வருகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெங்களூரிலேயே வாழ்ந்து மறைந்த கே. வெங்கடப்பாவின் வரலாறு இதனினும் சுவையானது. அவர் 1886 இல் பிறந்தவர். மைசூர் அரண்மனையைச் சார்ந்த ஓவியர் குடும்பத்தினர். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் கல்கத்தா சென்று அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றார். அங்கே பெயரும் புகழும் வளர்ந்துகொண்டிருந்த வேளையில் ஊர் திரும்பினார். மைசூரில் வீணை சேஷண்ணாவின் வாசிப்பு அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. தூரிகை பிடித்த கை வீணையையும் பற்றியது. சேஷண்ணாவிடமே மாணாக்கராக அமர்ந்து பயின்றார். வீணை மேல் தமக்கிருந்த பித்தைப் பொருளாகக் கொண்டே ஓர் ஓவியமும் தீட்டியிருக்கின்றார். திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்து 1965 இல் மறைந்தார்.

அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய உதகமண்டலக் காட்சிகள் புகழ் பெற்றவை. நீலகிரியின் பனிமூட்டத்தையும் மலைச்சரிவையும் மேகத்தையும் அவர் கண்ட விதத்தில் நாமும் காணலாம். உதகை நம்முள் பலருக்கு ஒரு நாள் உல்லாசப் பயணத்திற்குரிய ஊர்; அவருக்கோ நெடுநேரம் அமர்ந்து நோக்குதற்குரிய மலை. கன்னட நாட்டு ஓவியர் தமிழ்நாட்டு மலையைத் தீட்டினார். அதைப் பெங்களூர் வாழ் தமிழர் பார்த்து மகிழ்வதில் தயக்கத்திற்கு இடம் ஏது?

ஓவியத்தையே முதன்மையாகக் கொண்ட விழாவும் இந்நகரில் உண்டு. அதுதான் ‘சித்திரச் சந்தை’. 1960 இல் தோன்றிய கர்நாடகச் சித்திரகலா பரிஷத்து 2003 ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தி வருகின்றது. பெரும்பாலும் ஜனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவர். சாலையின் இருமருங்கும் ஓவியக் கடைகள் அமையும். 2025 ஜனவரி 5 அன்று நடந்த இருபத்திரண்டாம் சந்தையில், இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த ஏறத்தாழ 1,500 ஓவியர் தம் படைப்புகளை வைத்தனர். நூறு ரூபாய்ப் படமும் உண்டு. இலட்ச ரூபாய்ப் படமும் உண்டு. வீட்டிற்கு ஓர் ஓவியம் என்பதே அதன் நோக்கம்.

இச்சந்தையின் தனிச்சிறப்பு, படத்தின் அருகில் அதைத் தீட்டியவரே நிற்பது. பரிபாடல் காலத்து மக்களைப் போல நாமும் “இது என்ன? எப்படித் தீட்டினீர்கள்?” என்று நேரில் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஓவியரிடம் தமிழிலேயே கேட்கலாம்.

அங்கே செல்வோர் ஒன்றை மட்டும் தவறாது செய்து பார்க்க வேண்டுகின்றோம். தஞ்சாவூர் ஓவியம் ஒன்றையும் மைசூர் ஓவியம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தஞ்சை ஓவியத்தில் மரப்பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த கலவையால் அணிகலன், தூண், திருவாசி முதலியவற்றை மேடாக்கி, தங்கத்தாள் போர்த்திக் கண்ணாடிக் கற்களைப் பதிப்பர். தொலைவிலிருந்தே அது ஒளி வீசும். மைசூர் ஓவியத்திலும் தங்கத்தாள் உண்டு. ஆனால் மேடு மிக மெல்லியது. கோடுகள் நுண்ணியவை, ஒளி அடங்கியது, அருகில் சென்றால்தான் அதன் அழகு புலப்படும். 1565 இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், அதன் நிழலில் வாழ்ந்த ஓவியர் குடும்பங்கள் ஆதரவு தேடிப் பல திசைகளுக்கும் சென்றன. அவ்வழி வந்த மரபு தஞ்சையில் ஒரு விதமாகவும் மைசூரில் ஒரு விதமாகவும் வளர்ந்தது. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இக்கதை புதியதன்று. புதிய ஊரின் நீரும் காற்றும் பழைய தொழிலுக்குப் புதிய மெருகு தந்ததையே இவ்விரு படங்களும் காட்டுகின்றன.

ஆண்டு முழுதும் திறந்திருக்கும் கூடங்களும் உண்டு. 2009 முதல் அரண்மனைச் சாலையில் இயங்கி வரும் தேசிய நவீன கலைக்கூடம் அவற்றுள் ஒன்று. அம்மாளிகையின் பெயரே ‘மாணிக்கவேலு மாளிகை’. மாணிக்கவேலு முதலியார் என்னும் செல்வரின் பெயரைத் தாங்கி நிற்பது. கஸ்தூரிபா சாலையில் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் 2023 இல் திறக்கப்பெற்றது.

அதே சாலையில் வெங்கடப்பாவின் பெயரால் அமைந்த அரசுக் கலைக்கூடம் பற்றி ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. குறைந்த வாடகையில் இளம் ஓவியர்க்கு இடம் தந்து வந்த கூடம் அது. அதன் பொறுப்பைத் தனியார் அறநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க ஏற்பாடு எழுந்தபோது, 2016 ஆம் ஆண்டில் நகரத்து ஓவியர் வீதிக்கு வந்து எதிர்த்தனர். நன்கு பராமரிக்கப் பணம் வேண்டாமா என்று ஒரு சாரார் கேட்டனர். எளிய ஓவியன் நாளை எங்கே போவான் என்று மற்றொரு சாரார் கேட்டனர். இரு கேள்வியிலும் பொருள் உண்டு. ஆனால் ஒன்று உறுதி. மக்கள் நடமாட்டம் உள்ள கூடத்தை யாரும் எளிதில் மூடிவிட இயலாது. எவரும் எட்டிப் பாராத கூடத்திற்காகக் குரல் கொடுக்க எவரும் வரமாட்டார். நாம் கால் வைக்காத பொது இடம் நம் கண்முன்னே நம்முடையதல்லாமல் போய்விடும். இருப்புப்பாதையில் வேலை செய்யும் எம் போன்றோர் இதனை நன்கு அறிவோம். பயணிகள் ஏறாத நிலையத்தில் வண்டி நிற்பது நாளடைவில் குறைந்துவிடும்.

நமக்கு இதில் மற்றொரு பொருளும் உண்டு. மொழியின் பெயரால் இந்நகரில் மனக்கசப்பு எழுந்த காலங்களை மூத்தோர் அறிவர். அல்சூர் ஏரிக்கரையில் 1991 இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பெற்றது. அதே திங்கள் 13 ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரு உருவங்கள் இரு மக்களுக்கும் நடுவே தூது சென்றன. ஓவியத்திற்கும் அந்த ஆற்றல் உண்டு. கன்னட நாடகத்தை முழுதும் சுவைக்க அம்மொழிப் பயிற்சி வேண்டும். படத்தின் முன்னே கன்னடரும் தமிழரும் மலையாளியும் சரிநிகராக நிற்கலாம். அருகில் நிற்பவரிடம் “நன்றாக இருக்கின்றது, இல்லையா?” என்று ஒரு சொல் பேசத் தொடங்கினால், அயலவர் அண்டை வீட்டார் ஆகிவிடுவார்.

பிற நாட்டாரும் இரு கலைகளையும் இணைத்தே விழா எடுக்கின்றனர். வெனிசு நகரில் 1895 இல் தொடங்கிய ஓவியக் கண்காட்சியோடு 1930 இல் இசை விழாவும் சேர்ந்தது. பெரும்போரினால் நொந்த மக்களுக்கு ஆறுதலாக 1947 இல் எடின்பரோ நகரில் கலைவிழா தோன்றியது. நாமும் நவராத்திரியில் இதையே செய்கின்றோம். கொலுப் படிகளில் பொம்மைகளை அடுக்கி, வந்தவரைப் பாடச் சொல்லி, சுண்டல் தருகின்றோமே, அது ஒரு வீட்டுக் கண்காட்சியும் இசை விழாவும் அன்றோ?

இனிச் செயலுக்கு வருவோம். அடுத்த சித்திரச் சந்தைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். எல்லாப் படத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓட வேண்டா. ஆளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்து, சிறிது நேரம் நின்று பார்த்து, வீடு திரும்பியதும் அதைப் பற்றி நான்கு வரி தமிழில் சொல்லச் செய்யுங்கள். தமிழ் எழுதத் தயங்கும் பிள்ளைக்கும் தான் கண்டதைச் சொல்ல ஆவல் பிறக்கும். அதுவே மொழிப் பயிற்சியாகவும் அமையும். முடிந்தால் சிறிய படம் ஒன்றை வாங்குங்கள். குடும்பத்தோடு ஒரு முறை சினிமாவிற்குச் செல்லும் செலவில் அது முடிந்துவிடும். படமோ ஆண்டுக்கணக்கில் சுவரில் இருக்கும்.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் பாட்டுப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைக்கின்றோம். அடுத்த விழாவில் ஓர் அறையை ஒதுக்கி, நம் பிள்ளைகள் தீட்டிய படங்களையும் மூத்தோர் இடும் கோலங்களையும் வைப்போமாக. பரிசு வேண்டா, பெயர்ச்சீட்டு ஒன்று போதும். அயல் வீட்டுக் கன்னடக் குழந்தைகளின் படங்களையும் கேட்டு வாங்கி உடன் வைப்போமாக. பார்க்க வருவோர் கேட்கட்டும்; தெரிந்தோர் சொல்லட்டும். பரங்குன்றத்து மண்டபத்தில் நம் முன்னோர் செய்தது அதுவே. செவிக்கு விருந்து வைத்த நாம் கண்ணுக்கும் இலை போடுவோம்.