ரோட்டுக்கு எந்தப் பக்கம்?

லண்டனுக்கு நான் கிளம்பியபோது தோழர்கள் சால்வை போட்டு, அண்ணல் படத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள். ஹீத்ரோவில் இறங்கியபோது கையில் இருந்தது இரண்டு பெட்டியும், ஆறு நாளுக்கு முன்பதிவு செய்த ஒரு படுக்கையும்தான். அதற்குள் அறை பிடிக்க வேண்டும். "நம்ம ஆளுங்க இருக்காங்க, பாத்துக்குவாங்க" என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

நம்ம ஆளுங்க இருக்கத்தான் செய்தார்கள். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளையும் முருங்கைக்காயையும் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் பார்த்த அறைக்குப் போனேன். வீட்டை எடுத்து உள்வாடகைக்கு விட்டிருந்த அக்கா டீ கொடுத்தார்.

"எந்த ஊரும்மா?"

"விழுப்புரம் பக்கம்க்கா."

"அங்க எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்த ஊர் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

"ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அந்தப் பக்கம் என்றேன். அப்பா பெயர் கேட்டார். மாட்டுக்கறி சமைப்பியா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. இரவு செய்தி வந்தது: "ரூம் ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்மா." அதே அறைக்கான விளம்பரம் அடுத்த வாரம் அதே குழுவில் மறுபடி வந்தது.

அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனார். கொலம்பியாவில் படித்தார், பல நாட்டு மாணவர்களோடு தங்கினார். 1917இல் வேலைக்காகப் பரோடா திரும்பியபோதுதான் தங்க இடமில்லாமல், பார்சி பெயரில் பார்சி விடுதி ஒன்றில் ஒளிந்திருக்க வேண்டியதாயிற்று. பதினோராம் நாள் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். பரோடா என்பது திரும்பி வரும் இடத்தில் இருப்பது என்றே நான் நினைத்திருந்தேன். எனக்கு முன்பே அது விமானம் ஏறிப் போய் ஈஸ்ட் ஹாமில் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் எனக்கு வழிகாட்டியவை யாருடைய தயவும் தேவைப்படாத விஷயங்கள். பல்கலைக்கழக விடுதி அலுவலகத்தில் ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை. (வெள்ளையர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை, அது வேறு கணக்கு.) இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் பகுதி மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். ஒரு முறை கட்டணம் கொடுத்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம். மேல்மாடியின் முன்னிருக்கையில் உட்கார்ந்தபடியே நகரத்தின் பாதியைத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்விக்கு எதிராகத் தெளிவான சட்டம் இல்லை. 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013இல் வழிசெய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார்.

சட்டம் வரும்போது வரட்டும். அதற்காகப் போராடுவோம். எனக்கு நம்மிடமே ஒரு குறை உண்டு. வெளிநாடு போகும் பிள்ளைக்கு இங்கே விழா எடுக்கிறோம், அங்கே போய் இறங்கும்போது எதிரில் நிற்க ஆள் வைப்பதில்லை. ஆதிக்கச் சாதிகளுக்கு இறங்கும் இடமெல்லாம் சங்கம் இருக்கிறது. பட்டியலோ கூட்டமோ போட்டால் மட்டும் போதாது. முதல் பத்து நாளுக்கு ஒரு படுக்கை, ஒரு சிம் கார்டு, கூட நடக்க ஒருவர் வேண்டும்.

போன மாதம், வரப்போகும் ஒரு தங்கை அறை கேட்டு எழுதியிருந்தாள். ஊர்ப் பெயரை எழுதிவிட்டு, அடுத்த வரியில் "எங்களுக்குக் குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டிருந்தாள். நான் இருக்கும் வீட்டில் ஓர் அறை டிசம்பர் வரை காலி. வாடகையையும் இறங்க வேண்டிய பேருந்து நிறுத்தத்தையும் எழுதி அனுப்பினேன்.