இருட்டுக்கும் ஒரு வேலி

1977 மார்ச் 10 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி துலாம் ராசியிலிருந்த ஒரு மங்கலான விண்மீனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. யுரேனஸ் அந்த விண்மீனை நெருங்கி வந்தது. ஆனால், கோள் அருகே வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டெனத் தாழ்ந்து, சில விநாடிகளில் மீண்டது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் பதிவுசெய்தார்கள். அறியப்படாத துணைக்கோள் ஒன்று குறுக்கே போனதாகவே முதலில் கருதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமோ, கோளின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பல தாழ்வுகளைக் கண்டிருந்தது. குறுக்கே வந்தவை யுரேனஸின் வளையங்கள். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்ற மூன்று நூற்றாண்டு எண்ணம் அன்றோடு போயிற்று.

வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீனின் ஒளி எவ்வளவு குறைந்தது என்று அளக்க, பின்னணி வானம் கறுப்பாக இருக்க வேண்டும். வானியலாளர் வேணு பாப்பு 1960களில் காவலூர்க் காட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் அங்கிருந்த இருட்டும், அங்கிருந்து தெரியும் தென்வானமும்தான். ராமானுஜன் பெயர் பெற்ற குறுங்கோளும் 1988இல் காவலூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த இருட்டை நாம் சொத்தாக மதிப்பதில்லை. மூடியில்லாத தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு பங்கு நேரே மேலே போகிறது. காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி வானத்தையே வெளுக்கவைக்கிறது. வெள்ளை எல்இடியில் நீல ஒளி மிகுதி; நீலம்தான் அதிகம் சிதறும். ஒரு நகரத்தின் வெளிச்சம் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை உச்சிக்கும் போய்ச் சேரும்.

லடாக்கின் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே எனக்குப் பிடித்த விஷயம், ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்து, வருபவர்களுக்கு வானம் காட்டவைத்ததுதான். இருட்டைக் காப்பது அவர்களுக்கு வருமானமும் ஆகிவிட்டது. ஜவ்வாது மலையில் இது ஏன் கூடாது? காவலூர் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குக் கதவு திறக்கிறது. வானம் பார்க்கும் ஆசை நம்மவர்களுக்கும் குறைவில்லை.

மலைக்கிராமத்தின் விளக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. இரவில் அச்சமின்றி நடக்க வெளிச்சம் வேண்டும். அது தரையில் விழுந்தால் போதும். விளக்குக்கு மேலே ஒரு மூடி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி, ஆள் நடமாட்டம் அடங்கியபின் விளம்பரப் பலகைகளை அணைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. மின்கட்டணமும் குறையும். வானாய்வகத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும், மலையடிவார நகராட்சிகளிலும் அரசு இவற்றை விதியாக்க வேண்டும்.

தை மாத முன்னிரவில் மொட்டைமாடிக்கு ஏறி, உச்சியில் கார்த்திகைக் கூட்டத்தைத் தேடுங்கள். ஆறு மீன் என்று நம் முன்னோர் எண்ணியது வெறுங்கண்ணால்தான். உங்கள் ஊரில் எத்தனை தெரிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.