படகு ஜெபமும் ஸ்பார்க் பிளக்கும்



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை படகுகளைப் பிரதிஷ்டை செய்ய என்னை அழைக்கிறீர்கள், மகிழ்ச்சியோடு வருகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இயந்திரத்துக்காக ஜெபம் கேட்கிற நாம், அதன் ஸ்பார்க் பிளக்கைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தது எப்போது?

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில் பிளக் முனையில் கரி விரைவில் படியும்; உப்புக் காற்று மின் இணைப்புகளை அரிக்கும். பெட்ரோல் ஆவி அருகில் இல்லாதபோது, பிளக்கைக் கழற்றித் தொப்பியோடு இணைத்தபடியே அதன் உடலை என்ஜின் உலோகத்தில் தொடவைத்துக் கயிற்றை இழுங்கள். நீலப்பொறி வந்தால் நலம். மங்கினால் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். அதிலும் பொறி இல்லையெனில் நிறுத்தும் சுவிட்சின் கம்பியைப் பாருங்கள், பிறகு காயிலை.

யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டபோது வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் (மாற்கு 1:19). பழுதுபார்ப்பதை விசுவாசக் குறைவு என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றில் நடுக்கடலில் என்ஜின் நின்றால், தேடி வருகிறவன் பக்கத்து வீட்டுச் சகோதரன். அவனுடைய உயிரும் அதில் இருக்கிறது.

அடுத்த படகு ஜெபத்துக்கு வேதாகமத்தோடு நான் வருவேன். பிளக் ஸ்பேனரையும் ஒரு மாற்றுப் பிளக்கையும் நீங்கள் எடுத்து வையுங்கள். கழற்றிப் பார்த்த பின்பு ஜெபிப்போம்.