சட்டியில் சிக்கனம், மண்டபத்தில் ஆடம்பரம்



"அலுமினியச் சட்டியில் சமைத்தால் மறதி நோய் வரும்" என்று வட்ஸ்அப்பில் பரப்புகிறோம். அது நிரூபிக்கப்படாத பேச்சு. ஆனால் பகிர்ந்த கையோடு மெல்லிய அலுமினியச் சட்டியில் புளியாணம் காய்ச்சி, மறுநாள் வரை அதிலேயே வைக்கிறோம். கவலைப்பட வேண்டியது அங்கேதான். புளி, கொறக்கா, தக்காளி, உப்பு எல்லாம் வெறும் அலுமினியத்தை அரித்து ஆணத்தில் கலக்கும்.

இதற்கு ஒரு வழி 'ஹார்ட் அனோடைஸ்ட்' சட்டி. குளிர்ந்த கந்தக அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஒக்சைட்டாக மாற்றுகிறார்கள். அது பூச்சு அல்ல, ஆகவே உரியாது. புளியும் அதை இலேசில் அரிக்காது. சூடு எவர்சில்வரை விடச் சீராகப் பரவும், அடிப்பிடிப்பதும் குறையும்.

"விலை கூட" என்கிறோம். கலியாண மண்டபத்தில் ஒரே இரவில் வாடும் பூவுக்கு விலை பார்த்தோமா? மணப்பெண்ணுக்கு நாம் கொடுக்கும் கண்ணாடி செட்டுகள் அலுமாரியில் தூசி பிடிக்கின்றன. நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல சட்டி கொடுத்தால் பல வருடம் உழைக்கும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் அனோடைஸ்ட் அல்ல. உள்ளே நொன்ஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவோம். கம்பிப் பஞ்சும் சோடாவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். வாங்க வசதி இல்லையா? புளி சேரும் கறிக்கு மண்சட்டி போதும்.

ஹலாலா என்று கேட்கும் நாம், தய்யிபா என்றும் கேட்போம்.