தொண்டு அன்று, தொழில்: தெரபி உதவியாளர்களின் கூலியும் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் உரிமையும்

நாற்பது வயதைக் கடந்த பெண் ஒருவர், தம் முன் வைக்கப்பட்ட இரண்டு சேலைகளில் நீலச் சேலையைச் சுட்டிக்காட்டினார். அவருக்குப் பேச்சு வராது. பிறந்தது முதல் அவர் என்ன உடுத்த வேண்டும் என்பதைப் பிறரே முடிவு செய்து வந்தனர். அந்த விரலசைவுக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது. அதைச் செய்தவர், தனியார் இல்லம் ஒன்றில் தெரபி உதவியாளராக இருந்த தலித் பெண். நிலுவை ஊதியத்தைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பின், மனு எழுத எங்களிடம் வந்தார். அவர் முதலில் சொன்னது சம்பளத்தைப் பற்றி அன்று. "சார், இப்ப அந்த அக்காவுக்கு யாரோ கையில கிடைச்சதச் சுத்தி விட்டுருவாங்க" என்றார்.

இரண்டு பெண்களின் உரிமைகளும் ஒரே இடத்தில் பறிக்கப்படுகின்றன என்பதை அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு உணர்த்தியது.

தெரபி உதவியாளரின் பணி என்ன? பயிற்சித் திட்டத்தை வகுப்பவர் பட்டம் பெற்ற தெரபிஸ்ட். அவர் வாரத்தில் ஓரிரு நாள் வருகிறார். எஞ்சிய நாள்களில் அத்திட்டத்தை நடைமுறைப்படுத்துபவர் உதவியாளர். பல் துலக்குவதைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார். விழுங்குவதில் சிரமம் உள்ளவரை நிமிர்த்தி அமர்த்தி, புரையேறாதபடி உணவூட்டுகிறார். படங்களைக் காட்டி விருப்பத்தைக் கேட்டறிகிறார். பேருந்தில் ஏறவும் சில்லறை எண்ணவும் பழக்குகிறார். திடீரெனக் கத்துபவரைச் 'சேட்டை செய்கிறார்' என ஒதுக்காமல், பல்வலியா, பயமா எனத் தேடுகிறார். இவை திறன் சார்ந்த பணிகள்.

ஆனால் அந்த இல்லத்தில் பணிப் பங்கீட்டைத் தீர்மானித்தது திறன் அன்று. மூன்று உதவியாளர்களுள், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் மாதவிடாய்த் துணி மாற்றுவதும் இவருக்கே ஒதுக்கப்பட்டன. சமையலறைக்குள் நுழையவும் உணவூட்டவும் மட்டும் தடை. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு ஒழித்ததாக அறிவித்த தீண்டாமை, 'பணிப் பட்டியல்' என்ற பெயரில் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. சாதி வேலைகளை மட்டுமன்றி வேலை செய்வோரையும் அடுக்குகளாக்குகிறது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டியதை, பராமரிப்புத் துறையிலும் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவருக்குக் கொடுக்கப்பட்டதன் பெயர் 'மதிப்பூதியம்'. தொண்டுக்குக் கூலி கேட்பது தகாது என்ற அறநெறிப் போர்வை இச்சொல்லுக்குள் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1983இல் சஞ்சித் ராய் வழக்கில் அதையே உறுதிசெய்தது. அரசுத் துறைகளில் தற்காலிகமாகப் பணியாற்றுவோருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் கூறியது.

தொழில்முறை அங்கீகாரமும் இவர்களுக்கு எட்டவில்லை. 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின்படி துணைநிலைத் தொழிலாளராக ஏற்கப்படக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். குறுகிய காலப் பயிற்சியோடு, அல்லது பயிற்சியே இன்றி, வேலையில் சேர்க்கப்படும் உதவியாளர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்.

இனி மறுபக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 31ஆம் பிரிவு வழங்கும் இலவசக் கல்வி 18 வயதோடு முடிகிறது. அதன்பின் அறிவுசார் மாற்றுத்திறனாளிக்குச் சமூகம் தருவது பெரும்பாலும் வீட்டு மூலை, அல்லது இல்லத்தின் கட்டில். ஐம்பது வயதானவரையும் 'குழந்தை' என்றே அழைக்கிறோம். அன்பாகத் தோன்றும் அந்தச் சொல் அவருடைய முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு அவருக்குச் சட்டத் தகுதி உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு பாதுகாவலரும் அவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் கருவை அவர் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், பேச இயலாதவரின் விருப்பத்தை அன்றாடம் கேட்டறியும் ஒருவர் அருகில் இல்லையெனில், இத்தீர்ப்புகள் காகிதத்திலேயே தங்கிவிடும்.

இக்கேள்வி தலித் மக்களுக்கு அயலானது அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. பார்வையற்ற தலித் பெண் மீதான பாலியல் வன்கொடுமை குறித்த பட்டான் ஜமால் வலி வழக்கில், சாதி, பாலினம், உடற்குறை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுவதை 2021இல் உச்ச நீதிமன்றமே விரிவாக ஆராய்ந்தது.

நாம் மழுப்பக் கூடாத ஓர் உண்மையும் உண்டு. உதவியாளர் ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே இல்லவாசியை ஒடுக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. ஒருவரே இருபது பேரைக் கவனிக்க நேரும்போது கதவைப் பூட்டுவதும் கையைக் கட்டுவதும் 'வழக்கம்' ஆகிவிடும். வன்முறை எவர் செய்தாலும் குற்றம். அதேவேளை, ஆள் குறைப்பில் இலாபம் காணும் நிர்வாகம் தப்பித்து, கடைசி ஊழியர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீதியாகாது.

எனவே கோரிக்கைகள் இரண்டு தரப்புக்குமானவை: உதவியாளருக்குப் பணி நியமன ஆணை, குறைந்தபட்சக் கூலி, ஊதியத்துடன் கூடிய பயிற்சி, அதன்வழித் தொழில்முறைப் பதிவு, இல்லவாசிக்குப் போதிய உதவியாளர் எண்ணிக்கை, தம் விருப்பம் பதிவு செய்யப்படும் உரிமை. தேவையைக் கணித்து ஆட்களைத் தேர்ந்து பயிற்சியளிக்கும் கடமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு அரசுக்கு ஏற்கெனவே விதித்திருக்கிறது.

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. அச்சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி பதிவின்றி எந்த மாற்றுத்திறனாளி நிறுவனமும் இயங்க முடியாது. உங்கள் மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்கள் எவை, உதவியாளர் எத்தனை பேர், ஊதியம் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதிலில் உரிமை மீறல் தெரிந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒருசேர மனு அனுப்புங்கள்.

எங்களிடம் வந்த அந்தப் பெண்ணின் மனுவையும் அவ்வாறே அனுப்பினோம். ஊதிய நிலுவை முதல் கோரிக்கை. அவர் வற்புறுத்திச் சேர்த்த இரண்டாவது கோரிக்கை: அந்த அக்காவின் சேலையை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.