முதலிடம் பெற்ற பாடல்களும் எண்ணப்படாத செவிகளும்

ரொறன்ரோவில் வசிக்கும் பழைய பத்திரிகை நண்பரொருவர் அண்மையில் எனக்கொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 1935 முதல் 1945 வரை அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாடல்களின் பட்டியல் ஒன்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. பெனி குட்மன், ஆர்ட்டி ஷோ, கிளென் மில்லர், டொமி டோர்சி என்று பெயர்கள் நீண்டு சென்றன. "நாம் இளமையில் வானொலியில் கேட்ட பெயர்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால் டியூக் எலிங்டன் மட்டும் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறார்?" என்று நண்பர் கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது முடியவில்லை. நண்பரின் கேள்வி பாடல்களைப் பற்றியதாகத் தோன்றினாலும் உண்மையில் அது எண்ணிக்கையைப் பற்றியது. யார் எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்பதைப் பற்றியது. இதில் எனக்கும் ஒரு பழைய கடன் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிக் பாண்ட் எனப்பட்டவை ட்ரம்பெட், ட்ரொம்போன், சக்ஸபோன், கிளாரினெட் ஆகிய ஊதுகருவிகளும் பியானோ, பேஸ், மேளம் ஆகியனவும் சேர்ந்த, பெரும்பாலும் பன்னிரண்டுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கொண்ட நடன இசைக்குழுக்கள். 1935 ஆகஸ்ட் 21 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள பலோமார் நடன மண்டபத்தில் பெனி குட்மன் குழுவினர் பெற்ற வரவேற்பையே 'சுவிங்' யுகத்தின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். அன்று வெள்ளை இளைஞர்களை ஆடவைத்த இசைக்கோவைகளில் முக்கியமான பலவற்றை அமைத்துக் கொடுத்தவர் பிளெட்சர் ஹென்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். தமது சொந்தக் குழுவை நடத்த முடியாமல் பணநெருக்கடியில் இருந்த அவர் தம் இசைக்கோவைகளைக் குட்மனுக்கு விற்றார். புகழ் எவருடைய பெயரில் எழுதப்படுகின்றது என்ற கேள்வி அந்த முதல் இரவிலேயே தொடங்கிவிட்டது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். 1940 ஜூலைக்கு முன்னர் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு வாராந்தம் தொகுக்கப்பட்ட தேசிய தரவரிசை எதையும் 'பில்போர்ட்' வெளியிட்டதில்லை. 1935 இல் தொடங்கிய 'யுவர் ஹிட் பரேட்' வானொலி நிகழ்ச்சி இருந்ததுதான். ஒரு சிகரெட் கம்பனி அதற்கு அனுசரணை வழங்கியது. ஆனால் அந்நிகழ்ச்சி பாடல்களைத் தரப்படுத்தியதேயன்றி இசைத்தட்டுகளை அல்ல. நிகழ்ச்சியின் சொந்தப் பாடகர்களே அப்பாடல்களைப் பாடினார்கள். அப்படியானால் 1936 க்கும் 1938 க்கும் 'முதலிடங்கள்' எங்கிருந்து வந்தன? இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் ஜோயல் விட்பர்ன் 1986 இல் வெளியிட்ட தொகுப்பொன்றை அடியொற்றியவை. பழைய சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்த வெவ்வேறு வகைத் தகவல்களைச் சேர்த்து அவர் பின்னாளில் கட்டியமைத்த வரிசை அது. ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். உழைப்பு பெரிதுதான். ஆனால் அந்தந்த வாரத்தில் வாழ்ந்தவர்கள் கண்ணால் கண்ட வரிசை அதுவல்ல. 1939 ஆகஸ்டில் கிளென் மில்லர் ஒலிப்பதிவு செய்து உலகப் புகழ் பெற்ற 'இன் த மூட்' கூட, விற்பனைத் தரவரிசை தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே பிறந்துவிட்டது.

பில்போர்ட் சஞ்சிகை இசைத்தட்டு விற்பனையின் அடிப்படையில் முதலாவது தேசியத் தரவரிசையை வெளியிட்டது 1940 ஜூலை 27 ஆம் திகதி. பத்து இடங்கள். முதலிடத்தில் டொமி டோர்சி குழுவின் 'ஐல் நெவர் ஸ்மைல் அகெய்ன்'. பாடியவர் இருபத்து நான்கே வயதான பிராங் சினாட்ரா. உடன் பாடியவர்கள் 'பைட் பைப்பர்ஸ்' குழுவினர். பன்னிரண்டு வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. நண்பருக்குச் சொல்லவேண்டிய செய்தியொன்றும் இதில் உண்டு. இப்பாடலை எழுதிய ரூத் லோ அவருடைய ரொறன்ரோ நகரத்தவர். பெண்கள் மட்டுமே வாசித்த இனா ரே ஹட்டனின் குழுவில் பியானோ வாசித்தவர். 1939 இல் கணவரை இழந்த துயரத்தில் அவர் எழுதிய பாடலே அது. ஓர் இளம் விதவையின் தனித்துயரம் ஒரு நாட்டின் முதலாவது முதலிடமாயிற்று என்பதை நினைக்கும்போது, எண்கள் முற்றிலும் பொய் சொல்வதில்லை என்றும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கின்றது.

ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்லாமல் விட்டன? வீட்டில் இசைத்தட்டு வாங்க வசதியின்றிக் கடையோரத்து ஜூக்பொக்ஸில் ஐந்து சதம் போட்டுக் கேட்டவரின் விருப்பம் அந்த விற்பனைப் பட்டியலில் நேரடியாகச் சேரவில்லை. நடன மண்டபத்தில் விடியும்வரை ஆடியவரின் விருப்பமும் சேரவில்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் இரசனை அதில் உரிய இடம் பெறவில்லை என்பதற்குப் பில்போர்ட்டே பின்னர் சான்று தந்தது. 1942 ஒக்டோபர் 24 ஆம் திகதி 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்ற தனிப் பட்டியலை அது தொடங்கியது. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த இசைத்தட்டுக் கடைகளைக் கேட்டுத் தொகுத்த அப்பட்டியலில் முதன்முதலாக முதலிடம் பெற்றவர் அன்டி கேர்க் என்ற குழுத் தலைவர். ஒரே நாடு, ஒரே வாரம், இரண்டு முதலிடங்கள். எந்தக் கடை வாசலில் நின்று கேட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறியது.

எண்ணியவர்களைத் தவிர, எதைக் கேட்கலாம் என்று தீர்மானித்தவர்களும் இருந்தார்கள். 1941 ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அமெரிக்க வானொலி நிலையங்கள் அஸ்காப் என்ற இசையமைப்பாளர் சங்கத்தின் பாடல்களை ஒலிபரப்ப மறுத்தன. உரிமைக் கட்டணம் பற்றிய தகராறு அது. அச்சங்கத்தின் உறுப்பினரான டியூக் எலிங்டனால் தாம் இயற்றிய இசையையே வானொலியில் வாசிக்க முடியாமற் போயிற்று. சங்கத்தில் சேராதிருந்த அவரது இளம் சகா பில்லி ஸ்ட்ரேஹோர்ன் இயற்றிய 'டேக் த ஏ ட்ரெய்ன்' அந்த நெருக்கடியில்தான் எலிங்டன் குழுவின் அடையாள இசையாயிற்று. பில்போர்ட்டின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வரவில்லை. ஆனால் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் உலகெங்கும் ஜாஸ் கலைஞர்கள் அதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு வேறு இரு இடிகள் விழுந்தன. இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. யுத்தத்தின் காரணமாக அமெரிக்க அரசாங்கம் 1942 இல் அதன் பாவனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பின்னர் ஆகஸ்ட் 1 ஆம் திகதி, ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் தொழிற்சங்கம் ஒலிப்பதிவுகளைப் பகிஷ்கரித்தது. இசைத்தட்டு பெருகப் பெருக நேரில் வாசிப்பவனின் வயிறு காய்கின்றது, ஆகவே விற்பனையில் ஒரு பங்கு கலைஞர்களுக்கு வேண்டும் என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால் வாத்தியக் கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே நிற்க, சங்கத்தில் அங்கத்தவரல்லாத பாடகர்கள் உள்ளே சென்று, குரல்களையே பின்னணியாக வைத்துப் பாடினார்கள். 1939 இல் ஹரி ஜேம்ஸ் குழுவுக்காகச் சினாட்ரா பாடியிருந்த பழைய ஒலிப்பதிவொன்று 1943 இல் மறுபடி வெளிவந்தபோது, குழுத் தலைவரின் பெயரை முந்திக்கொண்டு பாடகரின் பெயர் மேலே வந்தது. டெக்கா கம்பனி 1943 இலும் விக்டர், கொலம்பியா ஆகியன 1944 நவம்பரிலும் சங்கத்துடன் உடன்பட்டன. அதற்குள் மக்களின் காது பாடகர்களுக்குப் பழகிவிட்டது. 1946 டிசம்பரில் பெனி குட்மன், டொமி டோர்சி, ஹரி ஜேம்ஸ், வூடி ஹேர்மன் உட்பட எட்டுப் பிரபல குழுத் தலைவர்கள் தம் குழுக்களைக் கலைத்தனர். ரூத் லோ முன்னர் பணியாற்றிய இனா ரே ஹட்டனும் அவர்களுள் ஒருவர். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு மக்களின் இரசனை மாறியது என்றே தோன்றும். இரசனை மாறியது உண்மை. ஆனால் அது தானாக மட்டும் மாறவில்லை.

இனி என் கடன். 1960 களின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு நாளிதழில் இளம் உதவி ஆசிரியராக இருந்தேன். வாரந்தோறும் 'இவ்வாரப் பத்துப் பாடல்கள்' என்ற பகுதியைத் தொகுப்பது என் வேலை. மூன்று இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி எடுப்பேன். மூன்றும் கொழும்பில்தான். ஒரு நாள் கடைக்காரரொருவர், "தம்பி, அந்தப் பாட்டு இன்னும் நாற்பது தட்டுக் கிடக்குது, கொஞ்சம் மேலே போட்டுவிடுங்கோ" என்றார். போட்டேன். அடுத்த வாரம் அது உண்மையாகவே விற்றது. சில வாரங்களின் பின்னர் மட்டக்களப்புக் கிராமமொன்றிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "எங்கள் ஊரில் இசைத்தட்டுக் கடையே இல்லை ஐயா. எங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று யாரிடம் கேட்டீர்கள்?" என்று எழுதியிருந்தது. பதில் எழுதாமல் மேசை இலாச்சியில் போட்டு மூடிவிட்டேன். அந்தக் கேள்வியை அன்றே அச்சில் ஏற்றியிருக்க வேண்டும்.

இன்று கைத்தொலைபேசியில் ஒரு பாடல் எத்தனை தடவை ஒலித்தது என்பதை இயந்திரமே எண்ணிவிடுகின்றது. மூன்று கடைகளுக்குத் தொலைபேசி எடுக்கும் உதவி ஆசிரியர் தேவையில்லை. ஆயினும் எண்ணுகின்ற பொறியும் இன்னொரு கடை வாசல்தான். அதற்கு வெளியே நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தரவரிசைகளை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் கருத்து. ஒவ்வொரு தரவரிசையின் கீழும் எங்கே எண்ணினோம், யாரை எண்ணவில்லை என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே. பாடலுக்கு மட்டுமன்றி, பத்திரிகையில் அச்சாகும் எந்த எண்ணுக்கும் இது பொருந்தும்.

நண்பருக்கு இறுதியில் இப்படித்தான் பதில் எழுதினேன்: எலிங்டன் குறைவாக வரவில்லை. எண்ணியவர்கள்தான் குறைவான இடங்களுக்குப் போயிருக்கிறார்கள்.